வாசலில் நடந்த ஆயில் ஆபரேஷன்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பேப்பர் போடுகிறவரிலிருந்து எதிர்வீட்டு மேனேஜர்வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டின புருஷனே அவசரத்தில் சிஸ்டர் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது உண்டு. ஆஸ்பத்திரியில் அவர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தியேட்டர் நர்ஸ் என்றால் டாக்டர் கையை நீட்டும்போது கத்தியை எடுத்துக் கொடுக்கிறவர் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி வேலை. மீதி வேலை எண்ணுவது. வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் கத்தி, கத்தரி, ஊசி, ரத்தம் ஒற்றுகிற துணி எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ண வேண்டும். தைத்து மூடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் மூடலாம்.

வீட்டிலும் அந்த வாய் சும்மா இருக்காது. கொடியில் போட்ட கிளிப்புகள், கழுவப் போட்ட கரண்டிகள், சாவிக்கொத்தில் உள்ள சாவிகள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. விருந்தாளிகள் கேட்டைத் தாண்டுவதற்குள் டம்ளர்களை எண்ணி முடித்திருப்பார். யாரையும் சந்தேகப்பட்டு இல்லை. எண்ணாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

அவருடைய வீட்டுக்காரர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எவ்வளவு தாமதமாக வரும் என்று கணீரென்ற குரலில் சொல்வதுதான் வேலை. வண்டி லேட்டானால் அவர் சொல்லும் அழகில் பயணிகளுக்குக் கோபம்கூட வராது என்று நிலையத்தில் பேசிக்கொள்வார்கள். கல்யாணமான நாளிலிருந்து மனைவி எண்ணுவதைக் கிண்டல் செய்வதையே அவர் பொழுதுபோக்காக வைத்திருந்தார். 'என் பத்து விரலையும் எண்ணிப் பாத்துட்டுத்தான் மோதிரமே போட்டா' என்று போகிற இடமெல்லாம் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். சிஸ்டரும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று மனசுக்குள் எண்ணிவைத்துக்கொள்வார்.

போன மாதம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஒரு ஆபரேஷனில், மூடப்போகிற நேரத்தில் துணி ஒன்று குறைந்தது. சிஸ்டர் மூட விடவில்லை. படுத்திருந்தவருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், உள்ளே எதுவும் இல்லை. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். மயக்க மருந்து டாக்டர் மேஜைக்கடியில் தவழ்ந்தார். செருப்புக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று செருப்பைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். துணி கிடைக்கவே இல்லை. பெரிய டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "மூடுன்னா மூட வேண்டியதுதானே? எண்ணத் தெரியாதவங்களையெல்லாம் யாரு உள்ள விட்டது?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு மூடினார். மறுநாள் சிஸ்டரைத் துணி ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போர்வையும் தலையணை உறையும் மலை மாதிரி குவிந்து கிடக்கும், எத்தனை இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் எல்லோரையும் கூட்டுகிறார். அங்கே எழுந்து நின்று 'தப்பு என்னுதுதான், தப்பா எண்ணிட்டேன்' என்று சிஸ்டர் சொல்லிவிட்டால் மறுபடியும் தியேட்டருக்குள் போகலாம். சொல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை தலையணை உறைதான். சிஸ்டர் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

அறிவிப்பாளருக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. மன்னிப்புக் கேட்பது ஒரு விஷயமா, அவர் தினம் நூறு தடவை ஒலிபெருக்கியில் கேட்கிறார். அவரை உலுக்கியது வேறு. சிஸ்டர் வீட்டில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். கொடியில் கிளிப் குறைந்தது, கேட்கவில்லை. காலுறை ஒன்று ஜோடியில்லாமல் சோபாவுக்கடியில் கிடந்தது, தேடவில்லை. ஒருநாள் அறிவிப்பாளர் வேண்டுமென்றே ஒரு கரண்டியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். ஒரு வாரம் ஆகியும் அதற்கு ஆள் தேடி வரவில்லை. அவரே எடுத்துக் கழுவி வைத்தார். வைக்கும்போது கண் கலங்கியது. எண்ணாத வீட்டில் தன்னைக்கூட யாரும் தேடமாட்டார்களோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று அவள் வாயாலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால், அப்புறம் ஆயுசுக்கும் தன் கணக்கை அவளே நம்பமாட்டாள். திங்கட்கிழமைக்குள் அவளை எண்ணவைக்க வேண்டும். அந்தக் கணக்கு சரி என்று அவளுக்கே தெரியவைக்க வேண்டும். அறிவிப்பாளர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். திறந்து, உள்ளே கையை விட்டு, மறுபடி மூடுகிற மாதிரி வீட்டில் என்ன இருக்கிறது? சுவர்க்கடிகாரம் சின்னது. மிக்ஸியைத் திறந்தால் சமையல் நின்றுபோகும். கடைசியில் வாசலில் நின்ற கார் கண்ணில் பட்டது. அதற்கு ஆயில் மாற்ற வேண்டிய நாள் தாண்டி வெகுநாளாகியிருந்தது, இன்ஜின் தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் மதியத்துக்குள் முடிந்துவிடுகிற வேலை. ஆனால் அவர் திட்டமே வேறு. வீட்டிலேயே ஆயிலை மாற்றுவது. சிஸ்டரைக் கூட நிற்கவைப்பது. துடைக்கிற துணியில் ஒன்றை யாருக்கும் தெரியாமல் இடுப்பில் செருகிக்கொள்வது. கணக்கு உதைக்கும், சிஸ்டர் மூட விடமாட்டார், தேடுவார்கள், சக்கரத்துக்குப் பின்னாலிருந்து துணி கிடைக்கும். 'பாத்தியா, நீ எண்ணினா எண்ணினதுதான்' என்று இவர் சொல்வார். சுபம். எழுதி வைத்த நாடகம் மாதிரி இருந்தது திட்டம். அவருக்கு இன்ஜின் எங்கே திறக்கும் என்றே தெரியாது என்பதுதான் அதில் ஒரே குறை.

அதற்கு மச்சினன் இருந்தான். சிஸ்டரின் தம்பி. தெருவில் அவனுக்கு வீடியோ என்று பெயர். வாழ்க்கையில் ஒரு வேலையையும் செய்தவன் இல்லை, ஆனால் எல்லா வேலையையும் யாராவது செய்வதை வீடியோவில் பார்த்திருக்கிறான். கிணறு வெட்டுவது, வயலின் செய்வது, பாம்புக்குப் பல் விளக்குவது எல்லாம் தெரியும். ஆயில் மாற்றுவது என்றதும் துள்ளிவிட்டான்.

"கண்ண மூடிட்டு மாத்தலாம் மாமா. நான் நாலு வீடியோ பாத்திருக்கேன்" என்றான்.

"கண்ண மூடிட்டெல்லாம் வேணாம் மாப்ள. திறந்தே மாத்துவோம்" என்றார் அறிவிப்பாளர்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ எங்கிருந்தோ இரண்டு இரும்புச் சாய்வுப் பலகைகளை இரவல் வாங்கி வந்தான். காரின் முன்சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றி, கை பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்கள், சூடானால்தான் ஆயில் இளகி இறங்குமாம். பழைய பனியன்களைக் கிழித்து அறிவிப்பாளர் பத்துத் துணி செய்திருந்தார். ஸ்பேனர், புது ஆயில் டின், புது ஃபில்டர், துணி எல்லாவற்றையும் செய்தித்தாளைக்கூட விரிக்காமல் தரையில் அப்படியே இறைத்துவைத்தார். அதுவும் திட்டம்தான்.

சிஸ்டர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். வீடியோ ஸ்பேனரைத் தரையிலிருந்து எடுத்துத் தன் காதைச் சொறிந்துகொண்டபோது ஜன்னல் காலியானது.

வாசலுக்கு வந்த சிஸ்டர் தலையில் தியேட்டர் தொப்பி போட்டிருந்தார். ஒரு கையில் எவர்சில்வர் தட்டு, இன்னொரு கையில் பச்சைத் துணி. பச்சைத் துணியைக் காரின் முன்பக்கம் முழுக்கப் போர்த்தி, பானெட் திறக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டார். தட்டை ஸ்டூலின்மேல் வைத்து, கருவிகளைத் துடைத்து, உயர வரிசையில் அடுக்கினார்.

"தம்பி, நீ டிரைவர் சீட்ல போய் உக்காரு. சொல்றவரைக்கும் சாவியத் தொடாத. தலமாட்டுல ஒருத்தர் இருக்கணும்."

"நான் எதுக்குக்கா அங்க? எனக்குத்தானே வேலை தெரியும்?"

"மயக்க டாக்டருக்கும் எல்லா வேலையும் தெரியும். அவரு உக்காந்துதான் இருப்பாரு."

வீடியோ போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவனுக்கே அந்த வேலை பிடித்துவிட்டது, செல்போனை எடுத்துக்கொண்டு சாய்ந்துகொண்டான்.

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எண்ணிடலாமா?"

"நீங்களே எண்ணுங்க. எனக்குத்தான் எண்ணத் தெரியாதாமே."

சொன்ன விதத்தில் கோபமே இல்லை. அதுதான் அறிவிப்பாளரைச் சுட்டது. அவர் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணினார், வேண்டுமென்றே ஒன்றை விட்டுவிட்டு ஒன்பது என்றார். அறிவிப்பாளர் ஸ்பேனரை எடுக்கப் போனார். போகவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "பத்து" என்றார் சிஸ்டர். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. ஸ்பேனர் ரெண்டு, புனல் ஒண்ணு, ஃபில்டர் கழட்டற பட்டை ஒண்ணு, புது ஃபில்டர் ஒண்ணு, அதோட வாயில ரப்பர் வளையம் ஒண்ணு என்று வாய் தானாக ஓடியது. சின்னக் குரல்தான். ஆனாலும் எண்ணிவிட்டார். அறிவிப்பாளர் பச்சைத் துணியைச் சரிசெய்கிற சாக்கில் ஒரு பனியன் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு காருக்கடியில் புகுந்தார்.

காருக்கடியில் அறிவிப்பாளரின் வயிறு சிரமப்பட்டது. அவர் கண்ணுக்கு மனைவியின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கையை வெளியே நீட்டி, பழக்கதோஷத்தில் ஒலிபெருக்கிக் குரலில், "பெரிய ஸ்பேனர் இன்னும் சற்று நேரத்தில் தேவைப்படும்" என்றார். உள்ளங்கையில் பளீரென்று ஸ்பேனர் வந்து விழுந்தது. தியேட்டரில் அப்படித்தான் கொடுப்பார்களாம். டாக்டர்களெல்லாம் ஏன் கையை அத்தனை சீக்கிரம் இழுத்துக்கொள்கிறார்கள் என்று அவருக்கு அன்றுதான் புரிந்தது.

அடியிலிருந்த போல்ட் கழன்றதும் ஆயில் கன்னங்கரேலென்று கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் ட்ரேயில் இறங்கியது. பாதி முழங்கைவழியாக அவர் அக்குளுக்குள் இறங்கியது.

"எவ்வளவு போச்சு?" என்று சிஸ்டர் குனிந்து கேட்டார்.

"எல்லாமே போகுதும்மா. போகத்தானே திறந்தோம்."

"அதுக்கு அளவு தெரியணும்ல. தம்பி, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எது நல்லா இருக்கிறது என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு மேனேஜர் கேட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்று வெகுநாளானவர், தெருவில் எந்த வீட்டில் எது நடந்தாலும் துக்கத்துக்கோ சந்தோஷத்துக்கோ தயாரான முகத்தோடு வந்துவிடுவார். பச்சைத் துணியையும் தொப்பியையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார். ஒரு பை ஆப்பிளோடு வந்தார்.

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே சிஸ்டர்?"

"இல்ல சார். ஆபரேஷன் நடக்குது. வெளியவே உக்காருங்க."

மேனேஜர் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நோயாளியின் பெரியப்பா மாதிரி ஒரு முகம் வந்துவிட்டது அவருக்கு. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "உள்ள நடந்துட்டிருக்கு. இன்னும் எதுவும் சொல்லல" என்று தாழ்ந்த குரலில் தெரிவித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் நின்று பரிதாபப்பட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அம்மாள் கார் எந்த வருஷத்தது என்று கேட்டு, 'அந்த வயசுக்கு இதெல்லாம் தாங்கணுமே' என்று பெருமூச்சுவிட்டார்.

பழைய ஃபில்டர் லேசில் வரவில்லை. பட்டையைப் போட்டுத் திருகத் திருக அறிவிப்பாளர்தான் திருகிக்கொண்டார். ஒருவழியாக அது கழன்று அவர் நெஞ்சின்மேல் விழுந்தது. எடுத்து வெளியே கொடுத்தார். சிஸ்டர் அதை வாங்கித் தட்டில் வைத்தார். அறிவிப்பாளர் புதுசைத் திருகினார், போல்ட்டை மாட்டினார், ஊர்ந்து வெளியே வந்து, பானெட்டுக்குள் புனலை வைத்துப் புது ஆயிலை ஊற்றினார். தேன் மாதிரி இறங்கியது. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார், கோட்டில் நின்றது. அறிவிப்பாளருக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

"மாமா, ஸ்டார்ட் பண்ணட்டுமா?" என்று கேட்டு வீடியோ சாவியில் கையை வைத்தான்.

"எடு கையை" என்றார் சிஸ்டர். "மூடறதுக்கு முன்னாடி எண்ணணும்."

அறிவிப்பாளர் காதைத் தீட்டிக்கொண்டார். இதற்காகத்தானே இத்தனை பாடு. சிஸ்டர் தட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார்.

"துணி ஒண்ணு குறையுது" என்றார். "வளையம் ஒண்ணு குறையுது."

துணி குறைவது நாடகத்தில் இருந்தது. வளையம் இல்லை. அறிவிப்பாளர் குழம்பினாலும் தன் பாகத்தை விடாமல் நடித்தார். அங்குமிங்கும் தேடுகிற மாதிரி தேடி, முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, "ஆகா, இதோ இருக்கு பாரு துணி. நீ எண்ணினா எண்ணினதுதான்" என்று பனியன் துண்டைத் தூக்கிக் காட்டினார்.

"அது உங்க இடுப்புல இருந்தது" என்றார் சிஸ்டர். "செருகும்போதே பாத்தேன். என்னத்துக்கோ விளையாடறீங்கன்னு விட்டேன். வளையம் எங்க?"

"என்ன வளையம்?"

சிஸ்டர் பழைய ஃபில்டரைக் கையில் எடுத்தார். "புது ஃபில்டர் வாயில ஒரு ரப்பர் வளையம் இருந்தது. எண்ணினேன். அப்ப பழசுலயும் ஒண்ணு இருந்திருக்கணும். இதுல வளையம் உக்கார்ற பள்ளம் மட்டும் இருக்கு. வளையத்தக் காணோம்."

டிரைவர் சீட்டிலிருந்து வீடியோ தலையை நீட்டினான். "அது உருகிப் போயிருக்கும்கா. நாலு வீடியோலயும் வளையத்தப் பத்தி ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல."

"ரப்பர் உருகினா பிசுபிசுன்னு ஒட்டிட்டு இருக்கும். இது சுத்தமா இருக்கு."

தேடினார்கள். ட்ரேயில் இருந்த கறுப்பு ஆயிலுக்குள் கையை விட்டுத் துழாவினார்கள். பச்சைத் துணியை உதறினார்கள். மேனேஜர் தன் பங்குக்கு ஆப்பிள் பையைக் கவிழ்த்துப் பார்த்தார். வளையம் இல்லை. வெயில் ஏறியது. அறிவிப்பாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, அக்குளில் ஆயில் கசகசத்தது, தான் போட்ட நாடகம் தன் கையைவிட்டுப் போய் வேறு எங்கோ நடந்துகொண்டிருந்தது. கேட்டில் கூட்டம் வேறு சேர்ந்துவிட்டது.

"விடும்மா. ஒரு ரப்பர்தானே."

"இல்லங்க. ஒண்ணு குறையுது."

"அதான் எல்லா எடத்துலயும் பாத்தாச்சே. இனிமே என்னத்தத் தேடறது? மூடுன்னா மூட வேண்டியதுதானே?"

சத்தம் தெருமுனைவரை போயிருக்கும், அவர் குரல் அப்படி. சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று அவர் காதில் விழுந்தது. அந்த வாக்கியத்தைச் சொன்ன பெரிய டாக்டரை ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தவர் இவர்தான்.

சிஸ்டர் தொப்பியைக் கழற்றினார். பழைய ஃபில்டரைத் தட்டில் வைத்தார்.

"சரி. மூடுங்க" என்றார். "நான்தான் தப்பா எண்ணிருப்பேன்."

திங்கட்கிழமை சொல்ல வேண்டியதை ஞாயிற்றுக்கிழமையே அறிவிப்பாளர் சொல்லவைத்துவிட்டார், அதுவும் தன் வாசலில் வைத்து, தன் வாயால். பெரிய டாக்டர் ஒரு தடவை கத்தியதற்கே எண்ணுவதை விட்டவள். இனி தன்னையும் சேர்த்து இரண்டு பேர்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொந்தக் குரலில் அவர் சொன்னதே இல்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. வாயைத் திறந்தார். தெரிந்த மாதிரிதான் வந்தது.

"ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார், கணீரென்று.

சிஸ்டர் அவரையே பார்த்தார். அறிவிப்பாளர் திரும்ப மல்லாந்து படுத்தார், காருக்கடியில் ஊர்ந்து போனார். உள்ளேயிருந்து கை மட்டும் வெளியே வந்தது.

"பட்டையக் கொடு. புது ஃபில்டரக் கழட்டறேன்."

"மாமா, மாட்டினத எதுக்குக் கழட்டறீங்க?" என்றான் வீடியோ.

"எங்க வீட்ல ஒண்ணு குறையுதுன்னா குறையுது மாப்ள. நீ சும்மா உக்காரு."

உள்ளங்கையில் பட்டை வந்து விழுந்தது. இந்தத் தடவை பளீரென்று விழவில்லை, பார்த்து வைத்த மாதிரி இருந்தது. அவர் புது ஃபில்டரைக் கழற்றினார். அது இருந்த இடத்தில், இன்ஜின் உடம்பில், கறுப்பு மேல் கறுப்பாக வட்டமாக ஏதோ தெரிந்தது. இன்ஜினின் ஒரு பாகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விரல் நகத்தால் நெம்பினார். உரிந்து வந்தது. பழைய வளையம், ஃபில்டரோடு வராமல் அங்கேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. அதன்மேலேயே புதுசை வைத்துத் திருகியிருக்கிறார்.

"இருக்கு" என்றார். அறிவிப்புக் குரல் எங்கோ போய்விட்டது. "இருக்கும்மா. இங்கதான் இருக்கு. நான் கைய வச்ச எடத்துலயே இருக்கு."

வீடியோ அவசர அவசரமாகச் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, ரெண்டு வளையத்தோட ஸ்டார்ட் பண்ணினா ஊத்தின ஆயில் மொத்தமும் பீச்சிட்டு வெளிய வந்திருமாம். இன்ஜினே போயிருமாம். அஞ்சாவது வீடியோல சொல்றான்" என்றான்.

மேனேஜர் எழுந்து நின்று, "வெளிய எடுத்துட்டாங்க. பிழைச்சுக்கும்" என்று தெருவுக்குச் சொன்னார். அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் வளையத்தை வாங்கித் துடைத்துத் தட்டில் வைத்தார். அந்தக் கறுப்பு வட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் புது ஃபில்டரை மறுபடி மாட்டிவிட்டு வெளியே வந்து, முகமெல்லாம் ஆயிலோடு அவர் பக்கத்தில் நின்றார். கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நாளைக்கு என்ன சொல்லப்போற?"

"தப்பு என்னுதுதான்னு சொல்லப்போறேன்."

அறிவிப்பாளர் சோர்ந்துபோனார். இத்தனைக்குப் பிறகுமா என்று நினைத்தார்.

"அன்னிக்கு எல்லார் செருப்பையும் கழட்டிப் பாத்தோம்" என்றார் சிஸ்டர், வளையத்தைப் பார்த்தபடியே. "ஒருத்தர மட்டும் கேக்கல. பெரிய டாக்டரப் போயி எப்படிச் செருப்பக் கழட்டச் சொல்றதுன்னு விட்டுட்டேன். அவரு பக்கத்துலதான் துணியெல்லாம் விழும். அவரக் கேக்காம விட்டேன் பாருங்க, அதுதான் என் தப்பு. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு அதத்தான் சொல்லப்போறேன். எண்ணினது சரி."

அறிவிப்பாளருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மறுபடியும் தலைகாணி உறைதான் கெடைக்கும், பரவாயில்லையா?"

"கெடைச்சா அதையும் எண்ணுவேன். தியேட்டர்ல விட்டா இனிமே அவரையும் கேப்பேன்."

"எப்படிக் கேப்பே? எங்க, சொல்லிப் பாரு. நான்தான் பெரிய டாக்டர்னு வச்சுக்கோ."

சிஸ்டர் தயங்கினார். "டாக்டர், கொஞ்சம் செருப்பக் கழட்டறீங்களா" என்றார், முணுமுணுப்பாக.

"பின்னாடி நிக்கற பயணிகளுக்குக் கேக்கல."

சிஸ்டர் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் போட்டார். நிமிர்ந்து நின்றார்.

"செருப்பக் கழட்டுங்க" என்றார்.

அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. டிரைவர் சீட்டில் இருந்த வீடியோ கதவைத் திறந்து இரண்டு செருப்பையும் கழற்றி வெளியே வைத்தான். அறிவிப்பாளர் ஆயில் காலோடு தன்னுடையதைக் கழற்றினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிஸ்டர் குனிந்து ஒவ்வொரு செருப்பாகப் புரட்டி அடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கேட்டுப் பக்கம் போனார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று வாய்விட்டு வந்தது. கேட்டில் மேனேஜர் கழற்றிய ஒற்றைச் செருப்பைப் புரட்டி, "அஞ்சு" என்றார். நிமிர்ந்து பார்த்தார். "இன்னொண்ணு எங்க?"

மேனேஜர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மற்ற காலிலிருந்தும் செருப்பை அவசரமாக உதறினார்.

"இதோ சிஸ்டர்."

"ஆறு" என்றார் சிஸ்டர். "தம்பி, இப்ப ஸ்டார்ட் பண்ணு."